பாசியும் பிளீச்சிங் பவுடரும்



நமது நீச்சல் குளம் இந்தச் சாரல் பருவத்தில் மறுபடியும் பச்சை பிடித்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். மயில்துத்தம் போடலாம் என்கிறார் ஒருவர். தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம் என்கிறார் இன்னொருவர். "பிளீச்சிங் பவுடர் ரெண்டு கிலோ கொட்டுங்க அண்ணாச்சி, விடிஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிரும்" என்பதுதான் பெரும்பான்மைக் கட்சி. கொட்டப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வழக்கம்போல வாட்ச்மேன்தான் கொட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் வேதியியல் படித்தவனல்ல. பி.காம். முடித்து வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும் கடன் கேட்டு வருகிறவரின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் விண்ணப்பத்தை மேலே அனுப்பிப் பழக்கமில்லை. அதேபோல இந்தப் பொடியின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டினேன். நான் எதிர்பார்த்ததைவிட அது நீளமாக இருந்தது.

முதலில் பாசியைப் பற்றி. கடையத்துப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பாசி புதிதல்ல. ராமநதியிலும் ஜம்புநதியிலும் தண்ணீர் ஓடும்வரை பாறையில் மட்டும் வழுக்கும். ஓட்டம் நின்று தேங்கிவிட்டால் தண்ணீரே பச்சையாகிவிடும். குளத்தில் பாசியைத் தின்ன மீன் உண்டு, தவளைக் குஞ்சு உண்டு, நத்தை உண்டு. ஆற்றில் ஓட்டம் உண்டு. நீச்சல் குளத்தில் இரண்டும் கிடையாது. வெயில் இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது, காற்றில் வந்து விழும் தூசியும் இலையும் இருக்கின்றன, நம் வியர்வையும் இருக்கிறது. பாசிக்கு இதைவிட வசதியான குடியிருப்பு கிடையாது, அதுவும் பராமரிப்புக் கட்டணம் இல்லாமல்.

பாசியைப் பற்றி உலகமே மதித்த ஆராய்ச்சி நம் மாநிலத்திலிருந்து வந்திருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த எம்.ஓ.பி. அய்யங்கார் இந்தியப் பாசியியலின் தந்தை என்றே அழைக்கப்படுகிறார். ஈர மண்ணில் வளரும் ஒரு புதுப் பாசி இனத்தைக் கண்டறிந்து, லண்டனில் இருந்த தன் ஆசிரியர் ஃபிரிட்ச் நினைவாக 1932-ல் 'ஃபிரிட்சியெல்லா' என்று பெயரிட்டார். எஸ்.வி. கணபதி என்ற ஆய்வாளர், வருடம் முழுக்கப் பச்சையாகவே இருந்த ஒரு கோயில் தெப்பக்குளத்தை ஆராய்ந்து 1940-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். அந்தக் குளத்தில் இருந்தது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. அந்த வகையில் சிலது ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும் என்பதை இன்று உலகம் அறியும். பச்சையாக இருப்பதெல்லாம் விஷமல்ல. ஆனால் எந்தப் பச்சை எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல நம்மால் ஆகாது.

பாசி எப்போதும் எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. 1914-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் கொண்ட குடிநீர் நிலையம் திறக்கப்பட்டது. அந்த மாதிரி வடிகட்டியில் மணலின் மேல் நாளடைவில் ஒரு வழுவழுப்பான படலம் படியும். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த அந்தப் படலம்தான் தண்ணீரில் வரும் நோய்க்கிருமிகளைப் பெரும்பாலும் பிடித்து வைக்கிறது. பட்டணமே பாசியின் தயவில் தண்ணீர் குடித்தது என்றால் அது அதிகப்படியாக இருக்கலாம், பொய்யாகாது.

தண்ணீரைத் தெளிய வைக்க நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசினார்கள், படிகாரத்தைச் சுழற்றினார்கள். இரண்டும் கலங்கலை அடியில் படியவைக்கும், எதையும் கொல்லாது. மயில்துத்தம் கொல்லும். 1904-ல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர், குடிநீர் ஏரிகளில் மிகச் சிறு அளவு மயில்துத்தம் போட்டுப் பாசியை ஒழிக்கும் முறையை வெளியிட்டார்கள். உலகமெங்கும் அதைப் பின்பற்றினார்கள். ஆகவே மயில்துத்தம் சொன்ன நண்பர் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அது பாசியைக் கொல்லுமே தவிர, குளிக்கிறவர்கள் விட்டுச்செல்லும் கிருமிகளை உடனுக்குடன் ஒழிக்க அதை நம்ப முடியாது. செம்பு தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டும் போகும். நீந்துகிறவர்களின் வெளிர் நிற முடி பச்சையாவது குளோரினால் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் செம்பு.

1890-களில் காலரா பரவியபோது ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் செய்தார். கிணற்றுத் தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் அந்த வழக்கம் பின்னர் ஊரூராகப் பரவியது. வயதானவர்கள் சிலருக்கு அந்த நிறம் நினைவிருக்கும்.

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். 1774-ல் ஸ்வீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் ஷீலே முதன்முதலில் இந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். 1810-ல் இங்கிலாந்தின் ஹம்ஃபிரி டேவி இது ஒரு தனிமம் என்று காட்டி, அதன் வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து குளோரின் என்று பெயர் வைத்தார். இலையின் பச்சையத்துக்கு ஆங்கிலத்தில் குளோரோபில் என்கிறார்களே, அதுவும் அதே வேர்ச்சொல்தான். பச்சையை அழிக்க நாம் போடுவதும் பெயரளவில் பச்சையே.

தொடக்கத்தில் இதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. துணி வெளுக்கத்தான் வந்தது. அதுவரை ஐரோப்பாவில் துணியை மாதக்கணக்கில் புல்வெளியில் வெயிலில் விரித்து வெளுத்தார்கள். நம்மூரில் உவர்மண்ணும் வெள்ளாவியும். 1799-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட், குளோரின் வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கக் காப்புரிமை பெற்றார். அதுதான் பிளீச்சிங் பவுடர், தமிழில் சலவைத்தூள். 1847-ல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் குளோரின் கலந்த நீரில் கை கழுவும்படி உத்தரவிட்டார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. பெரிய டாக்டர்கள் அவரை நம்பவில்லை, அவமதித்தார்கள்.

தண்ணீருக்குள் குளோரின் வந்த கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1903-ல் இந்திய மருத்துவப் பணியில் இருந்த நெஸ்ஃபீல்டு என்ற ராணுவ மருத்துவர், குளோரினை அழுத்தித் திரவமாக்கிச் சிறு கலன்களில் எடுத்துச்சென்று படைவீரர்களின் குடிநீரைச் சுத்தப்படுத்தலாம் என்று எழுதினார். 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது ஹூஸ்டன் என்பவர் குளோரின் கரைசலைக் குடிநீரில் கலந்தார். 1908 செப்டம்பர் 26-ஆம் தேதி அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் ஜான் லீல் என்ற டாக்டர் பிளீச்சிங் பவுடர் கரைசலை நிரந்தரமாகச் சேர்க்கத் தொடங்கினார். நகரத்தாரிடம் முன்னதாக அனுமதி கேட்கவில்லை. ஏற்கெனவே தண்ணீர்த் தரம் பற்றி நடந்துகொண்டிருந்த வழக்கில் இதுவும் சேர்ந்துகொண்டது, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடந்தது. கடைசியில் இந்த முறை சரியானதே என்று தீர்ப்பாயிற்று. அதன்பின் ஊர் ஊராகப் பரவியது. பாரதி கடலூர்ச் சிறையிலிருந்து வந்து, செல்லம்மாளின் ஊரான நம் கடையத்தில் 1918 முதல் 1920 வரை இருந்தாரே, அந்த நாளிலேயே அமெரிக்க நகரங்கள் பல குளோரின் போட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன.

நீச்சல் குளத்துக்கு இது வந்தது 1910-ல். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பங்கர் என்பவர் அங்குள்ள குளத்தில் பிளீச்சிங் பவுடர் இட்டுப் பரிசோதித்தார். அதற்கு முன் குளம் அழுக்கானால் ஒரே வழி, திறந்துவிட்டு மறுபடி நிரப்புவது. தண்ணீர் லாரிக்கு நாம் கொடுக்கும் பணத்தை நினைத்தால் பங்கருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இனிதான் என் தொழிலுக்கு நெருங்கிய விஷயம். எவ்வளவு போட்டோம் என்பது வரவு. எவ்வளவு மிஞ்சியது என்பதே இருப்பு. தண்ணீரில் உள்ள பாசி, இலை, வியர்வை, தூசி எல்லாம் குளோரினுக்குக் கடன்காரர்கள். போட்டதெல்லாம் முதலில் அந்தக் கடனுக்குப் போகும். கடன் முழுவதும் அடைந்த பிறகே மிச்சம் நிற்கும். 1930-களின் இறுதியில்தான் இதை நீர்த்துறையினர் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். பாதியில் நிறுத்தினால் வியர்வையும் குளோரினும் சேர்ந்த ஒரு கலவை நிற்கும். கண் எரிச்சலும் 'நீச்சல் குள வாசனையும்' அதனால் வருபவை. வாசனை தூக்கலாக இருந்தால் குளோரின் அதிகம் என்று நினைத்துக் குறைக்கிறோம். உண்மையில் அங்கே நல்ல குளோரின் போதாமல் இருக்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர். 1000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின் என்பது 1 பிபிஎம். சாதாரண நாளில் 1 முதல் 3 பிபிஎம் இருப்பு நின்றால் போதும். பாசி பிடித்த குளத்தை ஒரே மூச்சில் தெளியவைக்க 10 பிபிஎம் அளவுக்கு ஏற்ற வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் வழக்கம். அப்படியானால் 600 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் இருந்தால் 2 கிலோ. ஆக, அந்த 'ரெண்டு கிலோ' ஒன்றும் வாய்க்கு வந்த எண்ணல்ல. ஆனால் அந்த 30 சதவீதம் புதுப் பொடிக்குத்தான். ஈரக்காற்றில் கட்டு அவிழ்ந்து கிடந்த மூட்டை மாதாமாதம் வலுவிழக்கும். அதில் 15 சதவீதம்தான் இருக்கிறது என்றால் அதே 2 கிலோ 5 பிபிஎம் மட்டுமே தரும். பாசி பிழைத்துக்கொள்ளும், மறுவாரம் மூட்டையின் மேல் பழி. 65 சதவீதம் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். 10 சதவீதத் திரவக் குளோரின் என்றால் 6 லிட்டர். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

இருப்பு நின்றாலும் அது வேலை செய்ய வேண்டுமே. அதற்குத் தண்ணீரின் பிஎச் பார்க்க வேண்டும். பிஎச் 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதி வேகமாகக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் கால்வாசிதான். 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு. பிளீச்சிங் பவுடரோ சுண்ணாம்பு, தானே பிஎச்சை ஏற்றிவிடும். அதனால் முதலில் பிஎச்சை 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் கொண்டுவந்துவிட்டுத்தான் குளோரினைத் தொட வேண்டும். வெயிலும் ஒரு செலவு. நடுப்பகலில் போட்ட குளோரின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெயிலிலேயே போய்விடும். பொழுது சாய்ந்த பிறகு போடச் சொல்வது அதனால்தான்.

எல்லா வசதியும் உள்ள இடத்திலும் தவறும் என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக் சாட்சி. ஆகஸ்ட் 9-ஆம் தேதி டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தது. விசாரித்ததில், நான்கு நாள் முன்பு ஒப்பந்ததாரர் ஒருவர் குளங்களில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியது தெரிந்தது. அதுவும் சுத்தப்படுத்தும் பொருள்தான். ஆனால் குளோரினும் அதுவும் ஒன்றையொன்று அடித்துத் தீர்த்துக்கொள்ளும். இருப்பு பூஜ்யமாகிப் பாசி குடியேறியது. பக்கத்துக் குளத்தில் நீருக்கடியிலும் ஆடும் கூட்டு நீச்சல் போட்டி நடக்க வேண்டியிருந்ததால், அந்தத் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் பயிற்சிக் குளத்திலிருந்து சுமார் 37 லட்சம் லிட்டரை மாற்றினார்கள். இரண்டு நல்ல மருந்தைச் சேர்த்தால் இரட்டிப்பு நல்லது என்று நினைப்பவர்கள் நம் குழுவிலும் இருப்பதால் இதை விரிவாகச் சொன்னேன்.

ரியோவில் போனது மானம் மட்டும். குளோரினை வேறு பொருளோடு சேர்த்தால் உயிரும் போகும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை உருளைகளைத் திறந்துவிட்டு எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கிக் காற்றில் அனுப்பியது இதே குளோரினைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு. பள்ளத்தைத் தேடி இறங்கும். பதுங்கிக் குனிந்தவர்கள் அதில் மூழ்கினார்கள். நம் நாட்டில் 2010 ஜூலை 14 அன்று மும்பை செவ்ரி துறைமுகப் பகுதியில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த ஓர் உருளை கசிந்து நூறு பேர்வரை பாதிக்கப்பட்டார்கள்.

நம் குடியிருப்பில் உருளை இல்லை, நமக்கென்ன என்று இருக்க முடியாது. பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் பட்டால் அந்த இடத்திலேயே அதே வாயு கிளம்பும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில், கழிப்பறைக் கறை சீக்கிரம் போகட்டும் என்று துப்புரவு செய்த அம்மா பிளீச்சிங் பவுடர் தூவி அதன்மேல் ஆசிட் ஊற்றிவிட்டார். சன்னல் இல்லாத சின்ன அறை. இருமிக்கொண்டே வெளியே வந்தவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டையும் வாங்கி ஒரே அலமாரியில் வைத்தது அவர் அல்ல. ஒன்றோடு ஒன்று சேரக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லியதும் இல்லை.

நமது பம்ப் அறையைப் போய்ப் பாருங்கள். தரைமட்டத்துக்குக் கீழே, நான்கு படி இறங்க வேண்டும், ஒரே கதவு. பிஎச் இறக்கும் ஆசிட் கேனும் பிளீச்சிங் மூட்டையும் அருகருகே இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் மூட்டை மேலே வேறிடத்துக்குப் போக வேண்டும் என்று சங்கத்தை எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். மெதுவாகக் கரையும் குளோரின் மாத்திரைகளும் அதே அறையில் உள்ளன. அவற்றையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியால்கூடப் புழங்கக்கூடாது. இரண்டும் ஈரத்தில் கலந்தால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் செய்யும்.

வேலையைச் செய்கிறவருக்கு ரப்பர் கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் பொடி, கொஞ்சம் கொஞ்சமாக. பொடியின்மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறிப் பொங்கித் தெறிக்கும். சுண்ணாம்பு அடியில் படியவிட்டு மேலே தெளிந்ததை, காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, குளத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும். அதற்கு முன்பே சுவரையும் மூலைகளையும் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படலத்தின் மேல்பூச்சு மட்டுமே சாகும். இரவு முழுக்க வடிகட்டி ஓடட்டும். செத்த பாசி காலையில் சாம்பல் கலங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று இன்னொரு இரண்டு கிலோ கொட்டிவிடாதீர்கள். வடிகட்டியைத் திருப்பிக் கழுவி மீண்டும் ஓட்டினால் ஒன்றிரண்டு நாளில் தெளியும். குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கும்வரை யாரும் இறங்கக்கூடாது.

எண் சரியாக வந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கரையில் நின்று பார்த்தால் குளத்தின் ஆழமான பகுதியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா? தெரியாத தண்ணீரில் மூழ்கிய பிள்ளையும் தெரியாது. கிணற்றில் குதித்து நீச்சல் படித்த நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நம் பேரப்பிள்ளைகள் கிணற்றுப் பிள்ளைகள் அல்ல. பாசி நஞ்சா இல்லையா என்ற விவாதத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள், ஏமாந்துபோவார்கள் என்று பச்சைத் தண்ணீரில் இறங்க அனுமதி கேட்பவர்கள் தயவுசெய்து அந்த மூடியைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

ஒரு உபரித் தகவல். இந்தக் குளோரின் எங்கிருந்தோ வருவதல்ல. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். மேட்டூர் அணை மின்சாரத்தை நம்பி 1930-களில் அங்கே வந்த ரசாயன ஆலை இந்தத் தொழிலில்தான் இறங்கியது. நமக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் 1950-களின் கடைசியிலிருந்து இந்தத் தொழில் நடக்கிறது. சுற்றிலும் உப்பளங்கள்.

மூட்டை வாங்கும்போது தயாரித்த மாதத்தையும் குளோரின் சதவீதத்தையும் பார்த்து ரசீதின் பின்புறம் குறித்துவையுங்கள் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். குளோரின், பிஎச் இரண்டையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றும் வாங்க வேண்டும். தினமும் காலையும் மாலையும் அளந்து நோட்டில் ஏற்ற ஒருவர் தேவை. காலை முறையை நான் எடுத்துக்கொள்கிறேன். மாலைக்கு யாராவது பெயர் கொடுங்கள்.